எமது தந்தையாரின் பதநீர்ச் சோடா

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் முன்னோர் நடத்திய தொழில்களைப் பற்றி ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தினின்று ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எமக்கு முன் பேசிய அன்பர்கள் மண்டிகளையும் ஆலைகளையும் பற்றிச் சொன்னார்கள். அவற்றுட் சில இன்றும் நடந்து வருகின்றன. அவற்றை நடத்துவோர் இந்த அவையிலேயே வீற்றிருக்கின்றனர். யாம் சொல்லப் புகுவதோ 1978-ஆம் ஆண்டு பங்குனியிற் பிறந்து, அவ்வாண்டு ஆனி முடிவதற்குள் மாண்டுபோன ஒரு வியாபாரத்தின் கதை. எங்கள் குடும்பத்தில் கல்யாண வீடுகளிற் பந்திக்குக் காத்திருக்கும் பொழுதெல்லாம் இதனைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். இன்று அவ்வாறு சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அக்கதையில் ஒரு பொய் கலந்திருந்தது. அப்பொய்யைப் பரப்பியவர்களுள் யாமும் ஒருவராதலின், பலர் கூடிய இவ்விடத்தில் அதனைத் திருத்திவிட விரும்புகின்றோம்.

எமது தந்தையார் திருச்செந்தூர் செல்லும் சாலையிலுள்ள ஒரு சிற்றூரில் சோடாக் கடை வைத்திருந்தார். அப்பகுதி அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-இலேதான். கடை என்றால் முன்புறம் ஒரு பலகை, பின்புறம் கையாற் சுழற்றும் சோடா இயந்திரம், ஒரு கரியமில வாயு சிலிண்டர், மூன்று குரோசு கோலிப் புட்டிகள், அவ்வளவே. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆயினும் எந்தப் பொருளைக் கண்டாலும் அது எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்த்தாலன்றி அவருக்கு உறக்கம் வராது. எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒரு நாளும் முழுமையாய் இருந்ததை யாம் கண்டதில்லை.

கோலிப் புட்டியின்மேல் அவருக்கு இருந்த பற்றைச் சொல்லி முடியாது. இளைஞர்களுட் பலர் அதனைப் பார்த்திருக்கமாட்டீர்கள். அதனை 1872-ஆம் ஆண்டளவில் அமைத்தவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர். அதற்கு மூடி கிடையாது. கழுத்தினுள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம். இயந்திரத்திற் புட்டியைத் தலைகீழாய்ச் சுழற்றி வாயுவை ஏற்றினால், உள்ளிருக்கும் வாயுவே கோலியை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் மிக மிகக் கோலியும் மேன்மேலும் இறுகும். “தன் வாயைத் தானே பூட்டிக்கொள்ளும் புட்டி” என்று தந்தையார் வியந்து பேசுவார். இந்த ஒரு குணத்தை அருள்கூர்ந்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977-ஆம் ஆண்டில் கொக்கோ கோலா நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அதன் இடத்தை நிரப்ப மத்திய அரசின் நிறுவனம் ஒன்று ‘டபுள் செவன்’ என்னும் பானத்தைக் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் கொக்கோ கோலாவைக் குடித்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எனினும் அச்செய்தி தந்தையாரை மிகவும் கிளறிவிட்டது. கடைத் திண்ணையிற் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “வெளிநாட்டுக்காரன் ஏதோ ஒரு கொட்டையைக் காய்ச்சி உலகமெல்லாம் விக்கான். நம்ம பதநீர் உடன்குடியிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர மாட்டேங்கே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பதநீர் காலையில் மரத்தினின்று இறங்கியபின் சில நாழிகைக்குள் பருகப்பட வேண்டும். வெயில் ஏறினாற் சுவை கெடும். பருகியது போக எஞ்சியதையெல்லாம் விடிலியில் வைத்துக் கருப்பட்டியாகக் காய்ச்சியே தீரவேண்டும். நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குபவர் ஆண்மகன். அவர் இறக்கியதை நண்பகல் வரை அனலில் நின்று காய்ச்சுபவர் அவர் மனைவி. விறகும் அவர்களுடையதே. பருவம் பிறக்குமுன்னரே முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்குக் கருப்பட்டி போய்ச் சேரும். இவ்வளவு பாடும் பதநீரைப் பதநீராகவே விற்க வழியின்மையால் வந்தது என்பது தந்தையாரின் கருத்து.

எங்கள் கடைக்கு நாள்தோறும் பதநீர் கொண்டுவரும் பனையேறி ஒருவர் இருந்தார். தந்தையார் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவர் தந்தையாரை ‘மொதலாளி’ என்பார். வயதில் அண்ணாச்சியே மூத்தவர். கருப்பட்டியாக்கினால் என்ன கிடைக்குமோ அதற்கு மேல் ஒன்றரைப் பங்கு தருவதாகவும், விறகுச் செலவு இல்லையாதலால் அதுவும் ஆதாயமே என்றும் தந்தையார் கணக்கிட்டுக் காட்டினார். அண்ணாச்சி நெடுநேரம் யோசித்து, “சுண்ணாம்பு வாசத்தோட சோடாவை எவன் குடிப்பான், மொதலாளி?” என்று கேட்டார்.

அதுதான் முட்டுக்கட்டை. பாளையிற் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிடில் பதநீர் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அப்பொழுது மதுவிலக்கு நடப்பில் இருந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு 1974-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட மதுவிலக்கு அது. எனவே சுண்ணாம்பு சுவையைக் காப்பது மட்டுமன்று, பனையேறியைச் சிறையினின்று காப்பதும் அதுவே. பனையோலைப் பட்டையில் ஊற்றிப் பருகும்போது அந்தச் சுண்ணாம்பின் காரம் குற்றமாகத் தெரியாது. வாயு ஏற்றிய சோடாவிலோ நாவிற் கரகரத்தது. தந்தையார் எலுமிச்சை பிழிந்து பார்த்தார். புளிமாங்காய்ச் சாறு விட்டுப் பார்த்தார். முதற் பருகுநர் யாமே. அவற்றைப் பற்றி விரிக்க விரும்பவில்லை.

வழி காட்டியது எம் தமக்கையாரின் பாடப் புத்தகம். ஒன்பதாம் வகுப்பிற் படித்த அவர் ஒரு மாலை கடையின் பின்புறத்தில் அமர்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தெளிந்த சுண்ணாம்பு நீரிற் கரியமில வாயுவைச் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும். கரையாத சுண்ணக்கட்டித் தூள் பிறப்பதே அதற்குக் காரணம் என்பது பாடம். சோடா இயந்திரத்தின் பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்த தந்தையார் சட்டென நிறுத்தி, “அதை இன்னொரு தரம் படி தாயி” என்றார். மூன்று முறை படிக்கச் சொன்னார். வாயு சிலிண்டரோ அவர் கையருகிலேயே நின்றது. பதநீரிலுள்ள சுண்ணாம்பைச் சுண்ணக்கட்டியாக மாற்றி அடியிற் படியவிட்டு வடித்துவிடலாம் என்று அவ்விரவே கண்டுகொண்டார். கரும்பாலைகளிற் சாற்றைத் தெளிவிக்க இம்முறையையே பெரிய அளவிற் கையாளுகின்றனர் என்பதை யாம் கல்லூரியிற் படித்தபோதுதான் அறிந்தோம். தந்தையார் அதனை ஒருநாளும் அறியார்.

ஆனால் அவ்வாயுவை எந்த அளவில் நிறுத்துவது? அளவுக்கு மேல் செலுத்தினால் வெளுத்த நீர் மீண்டும் தெளிந்துவிடும். சுண்ணாம்பு வேறோர் உருவிற் கரைந்துகொள்ளும். முதல் நான்கு நாட்கள் அவ்விதமே வீணாயின. பின்னர் அவர் கண்ட உபாயம் எங்கள் அடுக்களையினின்று வந்தது. மஞ்சளைச் சுண்ணாம்பு தொட்டாற் சிவக்கும் என்பது ஆலத்தி கரைக்கும் எந்தத் தாய்க்கும் தெரியும். மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணியைச் சிறு கீற்றுகளாகக் கிழித்து வைத்துக்கொண்டார். காலையிற் பதநீர் வந்தவுடன் ஒரு கீற்றை நனைப்பார், அது சிவக்கும். ஜாடியில் வாயுவைச் செலுத்திக்கொண்டே நொடிக்கொரு கீற்றாக நனைப்பார். எப்பொழுது கீற்று மஞ்சளாகவே நிற்கின்றதோ அப்பொழுது வாயுவை நிறுத்துவார். ஜாடியைக் கயிறு கட்டிக் கிணற்று நீரில் இறக்கிக் குளிரவைப்பார். மாலையில் வண்டல் படிந்தபின் வேட்டியை நான்காய் மடித்து வடித்து, புட்டியில் அடைத்து, முழு வாயுவும் ஏற்றுவார். புட்டியின் கழுத்திற் குருத்தோலையில் முடைந்த ஒரு வளையம். அதனை முடைந்தவர் அன்னையார்.

அதன் சுவையை எப்படிச் சொல்வோம்! நுங்கின் குளிர்ச்சியும் பாளையின் மணமும் நாக்கில் முள்ளாய்க் குத்தும் வாயுவும் ஒருங்கே கூடியது. அறுபதை நெருங்கும் இவ்வயதிலும் அதனை ஒத்த ஒன்றை யாம் பருகியதில்லை.

1978-ஆம் ஆண்டு வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகும் யாத்திரிகர் கூட்டம் எங்கள் சாலை வழியே சென்றது. விலை 35 காசு. முதல்நாள் இரவு அடைத்த மூன்று குரோசுப் புட்டிகளும் மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் தீர்ந்தன. காலிப் புட்டிக்காகக் காத்து நின்றவர்களும் உண்டு. தந்தையார் அன்றிரவு காசைக் கூட எண்ணவில்லை. அண்ணாச்சியைத் திண்ணையில் தம்மருகே அமர்த்தி, அடுத்த பருவத்துக்குள் பத்துப் பனையேறிகளைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வாண்டிலேதான் தமிழ்நாட்டின் மரமாகப் பனை அறிவிக்கப்பெற்றது. அதையும் தம் சோடாவுக்குக் கிடைத்த நல்ல சகுனமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

பின்பு செய்தது பேராசையென்று சிலர் சொல்வர். யாம் அவ்வாறு எண்ணவில்லை. திருநெல்வேலிக்கு அனுப்பவேண்டும் என்பதுதானே தொடக்கத்திலேயே அவர் கொண்ட நோக்கம்! அன்னையாரின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து, மேலும் ஐந்து குரோசுப் புட்டிகளும் ஒரு சிலிண்டரும் வாங்கினார். பேருந்தில் ஏற்றி அனுப்பக் கடைகளையும் பேசிவைத்தார். சரக்கு இரண்டு மூன்று நாட்கள் எங்கள் கடையின் பின்னறையில் அடுக்கி நின்றது.

ஆனி மாதத்தில் ஓரிரவு பின்னறையில் வெடிபோல ஓர் ஓசை கேட்டது. அதனைத் தொடர்ந்து ஒன்று, இரண்டு, பின்னர்ச் சரமாரி. விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே ஓடியவன் கடையில் வேலைக்கிருந்த பையன். எம்மினும் இரண்டு வயது மூத்தவன். கண்ணாடிச் சில்லு அவன் வலக் கையைப் பிளந்துவிட்டது. தந்தையார் தம் வேட்டியைக் கிழித்துக் கட்டி, மிதிவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விடியும்போது தெரு முழுவதும் கள் நாற்றம். காவலர் ஒருவர் வந்து மோந்து பார்த்தார். எஞ்சிய புட்டிகளையெல்லாம் தந்தையார் அவர் கண்முன்னரே ஒவ்வொன்றாய்த் திறந்து செம்மணலில் ஊற்றினார். சிலவற்றின் கோலியை உள்ளே தள்ளப் பெருவிரல் போதவில்லை, அத்துணை இறுகியிருந்தது.

எதனால் இப்படி ஆயிற்று? எம் தாய்மாமன் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பனையேறி கலயத்திற் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டான், பதநீர் மரத்திலேயே கள்ளாகிவிட்டது, அவன் ஏமாற்றிவிட்டான். வீடு அதனை ஏற்றது. தெரு அதனை ஏற்றது. மறுநாள் காலையில் வழக்கம்போற் கலயத்தோடு வந்த அண்ணாச்சியை நோக்கி, பன்னிரண்டு வயதினராகிய யாம் கடை வாசலில் நின்று, “சுண்ணாம்பு போடாம எங்கப்பாவ ஏமாத்திட்டீரே, உமக்கு வெக்கமா இல்லையா?” என்று கேட்டோம். சாலையில் நாலு பேர் நின்று பார்த்தனர். அவர் கலயத்தைக் கீழே வைத்தார்; தோளிற் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்; மறுமொழி சொல்லாமற் போய்விட்டார்.

தந்தையார் அன்று மாலை எம்மை அழைத்து, “அண்ணாச்சி சுண்ணாம்பு சரியாத்தான் போட்டாரு. எடுத்தது நான்தான்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதே சொற்களைத் தாய்மாமனிடமும் சொன்னார். காவல் நிலையத்திலும் சொன்னார் என்று கேள்வி. நாங்களெல்லாரும் அதனைப் பெருந்தன்மையென்று எடுத்துக்கொண்டோம். நட்பினாற் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார் என்று தாய்மாமன் மெச்சவும் செய்தார். பெருந்தன்மை என்று பெயரிட்டதனால் அச்சொல்லின் பொருளை ஒருவரும் கேட்கவில்லை. காவலர்கள் அண்ணாச்சியின் மரங்களுக்குப் போய்க் கலயங்களை இறக்கிப் பார்த்தனர். குற்றம் ஒன்றும் காணவில்லை. ஆயினும் அப்பருவம் முடியும்வரை அவரிடம் பதநீர் வாங்குவோர் குறைந்துபோயினர். எங்கள் வீடு மட்டும் கருப்பட்டியை அவரிடமே வாங்கி வந்தது. அதுவும் தந்தையாரின் பிடிவாதத்தால். பையனின் கைக்கு வைத்தியச் செலவு, கடைகளுக்குத் திருப்பிய முன்பணம் எல்லாம் போகச் சங்கிலி மீண்டது 1981-இல்.

யாம் பின்னாளில் வேதியியல் ஆசிரியராயினோம். ஒவ்வோராண்டும் மாணவர்க்குச் சுண்ணாம்பு நீரை வெளுக்கச் செய்து காட்டுவோம். பல ஆண்டுகள் அதனைச் செய்தும் எமக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதை நாணத்தோடு சொல்கின்றோம். 2004-இல் தந்தையார் காலமானபின் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கணக்குப் புத்தகம் அகப்பட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி; அதன் எதிரே காலையிற் பதநீரில் நனைத்த மஞ்சட் கீற்று ஒட்டப்பட்டிருந்தது. கீற்றுகளின் நிறம் மங்கி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் அவர் கையெழுத்தில் ‘சிவந்தது’ என்று இருந்தது. வெடிப்பதற்கு முந்திய மூன்று நாட்களின் பக்கங்களைத் தேடிப் பார்த்தோம். ‘சிவந்தது. நன்றாய்ச் சிவந்தது. சிவந்தது.’

அப்பொழுதுதான் அச்சொல் எமக்கு விளங்கிற்று. அண்ணாச்சி போட்ட சுண்ணாம்பு குறையவில்லை. பதநீரைக் காத்து நின்ற அச்சுண்ணாம்பைத்தான் தந்தையார் வாயுவினால் நீக்கினார். காவலை நீக்கிய பதநீர் வண்டல் படியக் காத்திருந்த வேளையிலேயே புளிக்கத் தொடங்கியிருக்கும். விசாகத்தன்று மறுநாளே பருகிவிட்டதனால் தெரியவில்லை. மூன்று நாள் நின்றபோது தெரிந்தது. சூடாக்கிக் காத்திருக்கலாமே என்றால், பாஸ்டர் காட்டிய அம்முறையைத் தந்தையாரும் முயன்றார் என்பதற்கு அதே புத்தகத்திற் குறிப்பு உண்டு: ‘சூடு ஏற்றினேன். கருப்பட்டி வாடை. கோலி நெகிழ்ந்து வாயு போயிற்று.’ மேலும், கார்க்கு அடைத்த புட்டியாயின் உள்ளே வாயு மிகும்போது கார்க்கு கழன்று ஓடியிருக்கும், புட்டி பிழைத்திருக்கும். அவர் போற்றிய கோலிப் புட்டியோ அழுத்தம் மிக மிக இறுகுவது. புளிப்பினால் எழுந்த வாயு அதனை மேலும் மேலும் பூட்டிற்று. கண்ணாடி தாங்காதபோது வெடித்தது. கடைசிப் பக்கத்தில் இதனையும் அவர் கண்டு எழுதியிருக்கிறார்: ‘புட்டியும் என் தெரிவுதான்.’

ஆக அவர் சொன்னது பெருந்தன்மையன்று. பரிசோதனையின் முடிவை உள்ளபடி சொன்னார். கேட்டவர் ஒருவரும் இல்லை.

2005-ஆம் ஆண்டு பங்குனியில் அப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியைக் காணச் சென்றோம். மரமேறுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புதல்வர்கள் மும்பையிற் கடை வைத்திருந்தனர். தளைநாரும் முருக்குத்தடியும் வீட்டு உத்தரத்தில் தொங்கின. எம்மை யாரென்று சொன்னவுடன் கட்டிலினின்று எழ முயன்றார். அவர் காலடியில் அமர்ந்து, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினோம். பன்னிரண்டு வயதிற் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, “மொதலாளி அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரே, தம்பி” என்றார். பின்பு, “அந்தப் பய கை சரியாச்சா?” என்று வினவினார்.

அப்பையன்தான் தந்தையாருக்குப் பின் அக்கடையை எடுத்து நடத்தினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சோடா விற்று இரண்டு பெண்மக்களைக் கட்டிக்கொடுத்தார். வலக் கையில் இரு விரல்கள் முழுதும் மடங்கமாட்டா. கோலியை உள்ளே தள்ளுவதற்கு மடங்காத விரலே வசதியென்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.